பூனைக்குட்டியை மனிதரோடு பழக்குவது எப்படி? இரண்டாம் வாரம் முதல் புது வீடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து ஒளியும் பூனையும், வந்தவரின் காலை உரசிக்கொண்டு நிற்கும் பூனையும் ஒரே ஈற்றில் பிறந்தவையாக இருக்கலாம். "அதது குணம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குணத்தில் ஒரு பங்கு பிறப்பிலேயே வருவது உண்மைதான். மனிதரோடு இணக்கமாக இருக்கும் ஆண் பூனையின் குட்டிகள், தகப்பனோடு பழகாமலே வளர்ந்தாலும் புதிய ஆட்களையும் பொருட்களையும் தயங்காமல் நெருங்குகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மீதிப் பங்கு நம் கையில் இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் காலம்தான் மிகக் குறைவு.

குட்டி மனிதரை ஏற்றுக்கொள்ளும் வாசல் இரண்டாவது வாரத்தில் திறந்து, ஏழாவது வாரத்தோடு பெரும்பாலும் சாத்திக்கொள்கிறது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஐலீன் கார்ஷ் 1980-களில் இதை முறையாகச் சோதித்தார். மூன்றாவது வாரத்திலிருந்தே கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள், ஏழாவது வாரத்தில் பழக்கத் தொடங்கியவற்றைவிட மனிதரிடம் வேகமாக வந்தன, மடியில் அதிக நேரம் இருந்தன. தினமும் 15 நிமிடம் எடுத்துக் கொஞ்சிய குட்டிகளைவிட 40 நிமிடம் கொஞ்சிய குட்டிகள் கூடுதலாக ஒட்டிக்கொண்டன. பல பேர் கையில் வளர்ந்த குட்டி அந்நியரைக் கண்டு குறைவாகவே மிரளும் என்பதும் தெரியவந்தது.

வழிமுறைகளுக்குள் போகும் முன் ஒன்று. கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை, குட்டிக்கு விலகிப்போக வழி இருக்க வேண்டும் என்பதுதான். இறுக்கிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டால் குட்டி சீக்கிரமே அடங்கிவிடும். நாமும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அடங்குவது வேறு, பழகுவது வேறு. வேண்டாம் என்றால் போய்விடலாம் என்று தெரிந்த குட்டிதான் தானாக நெருங்கி வரும்.

1. முதலில் உடல்நலமும் ஓர் அறையும்

வயிறு காலியாக, உடல் குளிர்ந்துபோய், உண்ணி கடித்துக்கொண்டிருக்கும் குட்டியைப் பழக்க முடியாது. எடுத்துவந்ததும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்தை இரண்டு வார வயதிலிருந்தே கொடுக்கலாம். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வார வயது வரை போகும். நாய்களுக்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அதில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய விஷம். சின்னக் குட்டிக்கு உண்ணிச் சீப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும்தான் பாதுகாப்பு. குளிப்பாட்டினால் உடனே துவட்டிச் சூடாக வைக்க வேண்டும்.

முதல் மூன்று, நான்கு வாரங்களில் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. படுக்கைப் பெட்டியின் ஒரு பாதியை மட்டும் இதமாகச் சூடு பண்ணி வையுங்கள். சூடு அதிகமானால் மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளும். உடல் சில்லிட்டிருக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டக் கூடாது. முதலில் சூடு, அப்புறம்தான் உணவு. பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவுதான் சரி. புகட்டும்போது குட்டி குப்புற இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இடம் சின்னதாக இருப்பது நல்லது. வீடு முழுக்கத் திறந்துவிட்டால், பயந்த குட்டி அலமாரிக்குப் பின்னால் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிடும். ஓர் அறை போதும். கட்டிலுக்கு அடியையும் சோபாவுக்குப் பின்பக்கத்தையும் அடைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் திறப்புள்ள அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். குட்டிக்கு ஒளிய இடம் வேண்டும், ஆனால் அங்கிருந்து உங்களைப் பார்க்கவும் முடிய வேண்டும். அந்தப் பெட்டிக்குள் கைவிட்டு இழுக்காதீர்கள், ஒருமுறைகூட. மலம், சிறுநீர் கழிக்க மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர்மூலையில். சின்னக் குட்டிகள் மணலை வாயில் வைத்துப் பார்க்கும் என்பதால், நனைந்தால் கட்டியாகும் மணலை இந்த வயதில் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதுக் குட்டி குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் இருக்கட்டும். தோல் பூஞ்சை, சளி, வயிற்றுத் தொற்று மற்றதுக்குத் தாவும் ஆபத்து குறையும்.

2. தாயோடு இருக்கும்போதே தொடங்குவது

கண் 7 முதல் 14 நாளுக்குள் திறக்கும். காதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் கேட்கத் தொடங்கும். அதற்கு முன் எடை பார்க்க எடுத்துவிட்டுத் திருப்பி வைப்பதே போதும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். கூடாவிட்டால் அதுதான் முதல் எச்சரிக்கை.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு குட்டியையும் ஒரு நாளில் பல தடவை, சில நிமிடங்கள் கையில் எடுங்கள். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்கால்களுக்கு அடியில். நான்கு கால்களுக்கும் ஆதாரம் இருந்தால் குட்டி உதறாது. தாய் பதறினால் தரையில் உட்கார்ந்து அவள் கண் முன்னாலேயே செய்யுங்கள். தாய் உங்களை நம்புகிறாள் என்றால் பாதி வேலை முடிந்தது. அவள் நிம்மதியாகப் படுத்திருக்கும் ஆளிடம் குட்டிகளும் பயப்படுவதில்லை. மாறாகத் தாய் மனிதரைக் கண்டாலே சீறுபவளாக இருந்தால், பால்குடி மறந்த பின் குட்டிகளோடு தனியாக நேரம் செலவிடுவது உதவும்.

குட்டிகளைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடித்தால் வலிக்கும், நகம் போட்டால் ஆட்டம் நின்றுவிடும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது உடன்பிறந்தவற்றிடம்தான். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் சுமார் 6,000 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்டவற்றிடம் ஆக்ரோஷம் அதிகம் காணப்பட்டது. 14 வாரம் வரை சேர்ந்திருந்தவை நிதானமாக இருந்தன. தாயோடு இருக்கும் காலத்திலேயே மனிதப் பழக்கமும் கிடைத்துவிட்டால் அவசரப்பட்டுப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. தனியாகக் கிடைத்த குட்டி என்றால், முடிந்தால் அதே வயதில் இன்னொரு குட்டியைச் சேர்த்து வளர்ப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

3. குட்டி சொல்வதைப் படிப்பது

கைப்பிடி அளவு இருக்கும் குட்டி முதுகை வளைத்து, வாலை விறைத்து, எச்சில் தெறிக்கச் சீறும். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயத்தின் உச்சம் அது. பின்வாங்க வேண்டாம், முன்னேறவும் வேண்டாம். அப்படியே இருங்கள், பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்புங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சத்தமில்லாத பயம். உடல் தரையோடு தட்டையாக, காதுகள் பக்கவாட்டில் மடிந்து, கண்மணி விரிந்து, அசையாமல் கிடக்கும் குட்டியைப் பலர் "சாது" என்று தூக்கிக் கொஞ்சுகிறார்கள். அது உறைந்துபோயிருக்கிறது. அதேபோல, குர்ர்ர் என்ற சத்தம் வந்தாலே சந்தோஷம் என்று முடிவு கட்ட முடியாது. வலியிலும் பயத்திலும்கூடப் பூனைகள் அப்படிச் சத்தம் எழுப்பும். உடல் தளர்ந்திருக்கிறதா, காது முன்னோக்கி இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

நாம் குட்டியிடம் பேச ஓர் எளிய வழி உண்டு. கண்ணை உற்றுப் பார்க்காமல், பாதி மூடி, மெதுவாகச் சிமிட்டித் திறப்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் இப்படிச் செய்தபோது பூனைகளும் திருப்பிச் சிமிட்டின. இப்படிச் சிமிட்டிய அந்நியர் கை நீட்டியபோது, சும்மா இருந்தவரைவிட அவரிடம் அதிகம் வந்தன. நீங்களே செய்து பாருங்கள், குட்டியின் முகம் இளகுவது தெரியும்.

4. சாப்பாடுதான் முதல் பாலம்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

நான்கு வாரத்துக்கு மேற்பட்ட குட்டி ஈர உணவு சாப்பிடத் தொடங்கும். தண்ணீரை எப்போதும் வையுங்கள். ஆனால் வாசனையான ஈர உணவு உங்களோடு மட்டுமே வரட்டும். அறைக்குள் வந்து தரையில் உட்காருங்கள், தட்டை வையுங்கள், அங்கேயே இருங்கள். குட்டி சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பட்டினி போட்டுப் பழக்கும் முறை இது என்று நினைத்துவிடாதீர்கள். வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளையாவது உணவு வேண்டும், இன்னும் சின்னதென்றால் அதற்கும் மேல். நீங்கள் இருக்கும்போது சாப்பிட மறுத்தால், சற்றுத் தள்ளி உட்காருங்கள். அப்படியும் தொடவில்லை என்றால் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். ஒரு வேளையை விட்டுக்கொடுப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாத குட்டிக்குத் தேவை மருத்துவர்.

அடுத்தது, தட்டை ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் உங்கள் பக்கம் நகர்த்துவது. கால் பக்கத்தில், முட்டியருகில், கடைசியில் மடியில். குட்டி மடியில் ஏறிச் சாப்பிடும் நாளில் தொடாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மடி ஆபத்தில்லாத இடம் என்று முதலில் அதற்குத் தெரியட்டும்.

மிகவும் மிரளும் குட்டிக்கு நீளக் காம்புள்ள கரண்டி நல்ல கருவி. நான் வளர்த்த ஒரு சாம்பல் குட்டி பெட்டியின் கடைக்கோடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கரண்டியைப் பார்த்துச் சீறியது. கரண்டியை அசைக்காமல் பிடித்திருந்தேன். சீறல் நடுவிலேயே மூக்கு துடித்தது. கழுத்து மட்டும் நீண்டது, பின்கால்கள் ஓடத் தயாராக அப்படியே மடங்கியிருந்தன. ஒரு நக்கு, பின்வாங்கல். மறுபடி ஒரு நக்கு. பிறகு தலையைச் சாய்த்து, கரண்டியின் விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தது. அந்த இழுப்புக்கு அப்புறம் வேலை சுலபம். கரண்டியை வேளைக்கு வேளை குட்டையாகப் பிடித்தால், கடைசியில் குட்டி நக்குவது உங்கள் விரல் நுனியை.

விரலில் கொடுக்கும்போது மேலிருந்து கையை இறக்க வேண்டாம். குட்டியின் கண்ணுக்கு அது தாக்க வரும் பருந்து. தரையை ஒட்டி, பக்கவாட்டில் நீட்டுங்கள். உள்ளங்கையில் கொடுத்தால் விரல் எது உணவு எது என்று தெரியாமல் கடித்துவிடும் குட்டிகளுக்குக் கரண்டியே தொடரட்டும்.

5. தொடுதல்

முதல் தொடுதல், குட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒற்றை விரலால் கன்னத்தில். ஒரு தடவல், கையை எடுத்துவிடுங்கள். தலையைத் தூக்காமல் சாப்பிட்டால் மறுபடி. கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களில் பூனைகளுக்கு வாசனைச் சுரப்பிகள் உள்ளன. அங்கே தொடுவதைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. வாலின் அடிப்பகுதியும் வயிறும் கடைசியாக வர வேண்டியவை. மல்லாந்து வயிற்றைக் காட்டினால், "உன்னை நம்புகிறேன்" என்று பொருள். "தடவு" என்று பெரும்பாலும் பொருளில்லை.

எனக்குப் பிடித்த முறை, மூன்று வினாடி தடவிவிட்டு நிறுத்துவது. குட்டி தலையைக் கையில் முட்டினால் தொடரலாம். அப்படியே இருந்தாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று அர்த்தம். இதை வீட்டில் எல்லோரும், குழந்தைகள் உட்பட, கடைப்பிடித்தால் கீறல்கள் வெகுவாகக் குறையும்.

தடவல் பழகியதும், தூக்குவது. தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரம் தூக்கி, குட்டி நெளிவதற்கு முன் இறக்கிவிட்டு, ஒரு வாய் உணவு கொடுங்கள். உயரத்தையும் நேரத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். தாய் தூக்குவதற்கும் நாம் தூக்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அத்தோடு பாதத்தை லேசாக அழுத்தி நகத்தை வெளிக்கொண்டுவருவது, காதுக்குள் பார்ப்பது, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பது எல்லாவற்றையும் விளையாட்டுப்போல இப்போதே பழக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு நகம் வெட்டினால் போதும். இந்த வயதில் இதற்குப் பழகிய பூனைக்கு மருந்து கொடுப்பது பிற்பாடு போராட்டமாக இருக்காது.

தெருவில் எடுத்த, தடுப்பூசி போடாத குட்டி கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் வேண்டாம். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே டாக்டரைப் பாருங்கள். வெறிநோய் ஆபத்து குட்டிகளிடமும் உண்டு.

6. விளையாட்டு

பயந்த குட்டியை உணவு உங்களருகே கொண்டுவரும். பயத்தையே மறக்கவைப்பது விளையாட்டு. குச்சியில் கட்டிய இறகோ துணித் துண்டோ போதும். குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டாமல், அதைவிட்டு விலகி ஓடுவதுபோல இழுங்கள். இரை எங்கேயும் வேட்டையாடியை நோக்கி ஓடாது. பெட்டிக்குப் பின்னால் பாதி மறைத்து மெல்லச் சுரண்டினால், மிரண்ட குட்டியின் பின்பகுதிகூட ஆட ஆரம்பிக்கும். நடுநடுவே பிடிக்கவும் விடுங்கள். முடிந்ததும் ஒரு வாய் சாப்பாடு. பிறகு நூல், கயிறு எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடும் அளவுக்கு ஆபத்தானது.

கையையும் காலையும் விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். ஆறு வாரக் குட்டி விரலைக் கடிப்பது அழகாக இருக்கலாம், ஆறு மாதத்தில் அதே கடிக்கு ரத்தம் வரும். கடித்தால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். கையைத் தளர்த்தி அசைவை நிறுத்துங்கள், பொம்மையை முன்னால் தள்ளுங்கள்.

7. உலகத்தை அறிமுகம் செய்வது

உங்கள் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்ட குட்டி, மற்றவர்களைக் கண்டு ஓடும் பூனையாக வளரலாம். அதனால் ஆண், பெண், வயதானவர், உயரமானவர், கண்ணாடி போட்டவர், கனத்த குரல்காரர் என்று பலர் வர வேண்டும். கை கழுவிவிட்டு ஒரு நேரத்தில் ஒருவராக வந்து, தரையில் உட்கார்ந்து, கரண்டியில் ஊட்டிவிட்டுப் போனால் போதும். தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். குட்டியை வெளியே எடுத்துப்போகாமல், ஆட்களை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்து, குட்டி தானாக வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

சத்தங்களைத் தொலைவிலிருந்து தொடங்குங்கள். மூடிய கதவுக்கு அப்பால் மிக்ஸியோ துடைக்கும் இயந்திரமோ ஓடட்டும், இங்கே குட்டி சாப்பிடட்டும். சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம், தொலைவைக் கூட்டுங்கள். தரை, பாய், கம்பளம், சரசரக்கும் காகிதம் என்று விதவிதமான பரப்புகளையும் மிதிக்கட்டும்.

கேரியர் கூடையைப் பரணில் வைத்துவிட்டு டாக்டரிடம் போகும் அன்று மட்டும் இறக்கினால், அதைப் பார்த்ததுமே பூனை காணாமல் போய்விடும். அறையில் நிரந்தரமாகத் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு பழைய துணி, அவ்வப்போது உணவு. தூங்கும் இடமாக மாறிய பிறகு கதவைச் சில நொடி மூடித் திறந்து பழக்கலாம்.

மற்ற பூனை, நாயோடு அறிமுகம் முதலில் மூக்கு வழியாக. ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதற்கு மாற்றி மாற்றிப் போட்டு, பின் கதவிடுக்கில் இரு பக்கமும் சாப்பாடு வைத்து, பின்னர்தான் நேருக்கு நேர். நாய் கயிற்றில் இருக்கட்டும், குட்டி ஏறிக்கொள்ள உயரமான இடம் இருக்கட்டும்.

தாமதமாகக் கிடைத்த குட்டிகள்

ஏழு வாரம் தாண்டிவிட்டது என்று கைவிட்டுவிடாதீர்கள். மனிதரையே பார்க்காத எட்டு வாரக் குட்டிகள் சில நாட்களிலேயே மடியேறுவதும் உண்டு. மூன்று மாதக் குட்டிக்கு வாரக்கணக்கில் ஆகலாம். நான்கைந்து மாதம் தாண்டிய, முழுக்கக் காட்டுத்தனமான குட்டி உங்கள் ஒருவரை மட்டும் ஏற்றுக்கொண்டு நின்றுவிடலாம். அதுவும் ஒரு நல்ல முடிவுதான். சில பூனைகளுக்கு வீட்டுக்குள் அடைபடுவதே தீராத துன்பமாக இருக்கும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பழகிய இடத்திலேயே விட்டுச் சோறு வைப்பது அவற்றுக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம்.

பல குட்டிகள் ஒன்றாகக் கிடைத்து, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தால், அதோடு தினமும் தனியாக நேரம் செலவிடுங்கள். துணிச்சலான உடன்பிறப்பு ஒன்றையும் கூட வைத்துக்கொண்டால், அது உங்கள் மடியில் விளையாடுவதைப் பார்த்துப் பயந்த குட்டியும் வரும்.

நடுவில் சில நாட்கள் பின்னடைவு வரும். ஊசி போட்ட அன்றும் வீட்டில் விருந்தாளிகள் கூடிய அன்றும் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். இரண்டு படி பின்னால் போய், கரண்டியிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை வேகமாக நகரும்.

புது வீட்டுக்கு அனுப்பும்போது

வளர்க்கப்போகிறவர் முன்கூட்டியே சில முறை வந்து ஊட்டிவிட்டுப் போனால் நல்லது. குட்டி படுத்த துணியைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள். சாப்பிட்டுப் பழகிய உணவையே இரண்டு வாரமாவது தொடரச் சொல்லுங்கள், மணலும் அதே வகையாக இருக்கட்டும். அங்கேயும் முதலில் ஒற்றை அறை, ஒளியப் பெட்டி, தரையில் உட்காரும் மனிதர். தடவலில் எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்கு மிரளும், எந்தப் பொம்மைக்கு ஓடிவரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கருத்தடையை நான்கு மாத வயதிலிருந்தே செய்யலாம் என்பதையும் தடுப்பூசித் தேதிகளையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். முதல் வாரத்தில் ஒருமுறையாவது போன் செய்து, குட்டி சாப்பிடுகிறதா, மணல் தட்டைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள்.